பாதாள ரயிலும் வட்டக்கோட்டைச் சுரங்கமும்

எங்கள் நாகர்கோவில் பக்கத்தில் அப்போது தரைக்கு மேலேயே ரயில் கிடையாது. ரயிலைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் வடக்கே திருநெல்வேலிக்குப் போக வேண்டும், இல்லையென்றால் மேற்கே திருவனந்தபுரத்துக்கு. இரண்டுக்கும் பஸ்ஸில் போய் இறங்கினால் மறுநாள் வரை இடுப்பு நம்முடையதாக இருக்காது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு, பூமிக்கு அடியில் ஓடுகிற ரயிலில் ஒரு வருடம் போய்வந்தேன் என்று நான் சொன்னது தவறு என்கிறார்கள். தவறு என்று நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

ஐம்பதாம் வருட வாக்கில் ஆசிரியப் பயிற்சிக்காக லண்டனுக்குப் போனேன். உண்மையில் அந்த உதவித்தொகை என்னைவிடத் தகுதியான இன்னொருவருக்குத்தான் கிடைத்திருந்தது. புறப்படுகிற சமயத்தில் அவருக்கு அம்மை போட்டுவிட்டது. பட்டியலில் அடுத்த பெயர் என்னுடையது. என் வாழ்க்கையில் நடந்த பெரிய காரியங்களெல்லாம் இப்படி வேறொருவருக்கு உடம்புக்கு வந்ததால் நடந்தவைதான்.

போய் இறங்கிய மறுநாள் பாதாள ஸ்டேஷனுக்குள் நுழைந்தேன். டிக்கெட் வாங்கி உள்ளே போனால், படிக்கட்டு ஓடிக்கொண்டிருந்தது. மரப்பலகைப் படிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையிலிருந்து முளைத்துக் கீழே போய்க்கொண்டிருந்தன. பாசி பிடித்த தெப்பக்குளத்துப் படியில் நிற்பவனைப்போல விளிம்பில் நின்றேன். எனக்குப் பின்னால் கூட்டம் சேர்ந்தது. யாரும் திட்டவில்லை. மெல்ல இருமினார்கள். அந்த ஊரில் அதுதான் திட்டு என்பது பிறகு தெரிந்தது. கடைசியில் காய்கறிக் கூடையோடு வந்த ஓர் அம்மாள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இறக்கிவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டே பாதாளம் போய்ச் சேர்ந்தேன்.

கீழே எனக்கு முதலில் பிடித்தது காற்று. ரயிலின் சத்தம் கேட்பதற்கு முன்னால் காற்று வரும். இருட்டுக் குகையின் வாயிலிருந்து வெதுவெதுப்பாக, இரும்பும் தூசியும் ஈரக் கம்பளியும் கலந்த மணத்தோடு வந்து, பிளாட்பாரத்தில் கிடக்கும் செய்தித்தாளை முதலில் புரட்டும், பிறகு தொப்பிகளைத் தொடும். அதன்பிறகுதான் சத்தம், அதன்பிறகு வெளிச்சம். ஒரு மாதத்தில், காற்றை வைத்தே ரயில் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று சொல்லப் பழகிவிட்டேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் வேட்டியைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தவனுக்கு இதுகூடத் தெரியாமலா போகும்?

என் அறையில் கணப்பு பெயருக்குத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் குளிர் தாங்காமல் பாதாளத்துக்குப் போய்விடுவேன். ஒரு தடம் ஊரை வட்டமாகச் சுற்றி வருவது. அடுத்த ஸ்டேஷனுக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு, எதிர்ப்பக்கமாக ஏறி, தேர் நாலு ரதவீதியும் சுற்றி நிலைக்கு வருவதைப்போல முழுக்கச் சுற்றி இறங்குவேன். அதற்குள் ஒரு நாவலில் ஐம்பது பக்கம் ஓடிவிடும். இப்படிச் சுற்றுவது சட்டப்படி சரிதானா என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாவல் பாதியில் நின்றிருக்கும்.

ஸ்டேஷன்களுக்கு ஓடுகள் பதித்திருந்தார்கள். ஒன்று பாசிப்பச்சை, ஒன்று காய்ந்த ரத்தத்தின் நிறம், ஒன்று எங்கள் ஊர் ஆசுபத்திரிச் சுவரைப்போல வெறும் வெள்ளை. பெயர் படிக்காமலே நிறத்தைப் பார்த்து இறங்கலாம். வடக்கே ஒரு குன்றின்மேல் இருந்த ஸ்டேஷன்தான் எல்லாவற்றிலும் ஆழம். லிஃப்டில் போக வேண்டும். பக்கத்தில் சுழற்படிக்கட்டும் உண்டு. மிகவும் அதிகமான படிகள், அவசரத்துக்கு மட்டுமே பயன்படுத்துக என்று பலகையும் உண்டு. மருந்துவாழ் மலை ஏறியவனை ஒரு பலகை தடுப்பதா என்று ஏறினேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன். மேலிருந்து இறங்கி வந்த ரயில்காரர், "லிஃப்ட் வேலை செய்கிறதே" என்றார். "தெரியும்" என்றேன். அவர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். மிச்சத்தையும் ஏறித்தான் வெளியே வந்தேன்.

நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள் ஒருநாள் என்னை ஒரு பிளாட்பாரத்துக்கு அழைத்துப்போய்ச் சுவரோரமாக ஓரிடத்தைக் காட்டினாள். யுத்த காலத்தில் மேலே குண்டு விழுந்துகொண்டிருக்க, மாதக்கணக்கில் அங்கேதான் படுத்துத் தூங்கியிருக்கிறாள். "இங்கே என் தலை, அங்கே அடுத்த வீட்டுக்காரரின் கால்" என்றாள். அந்தக் காலை அவள் இன்னும் மன்னித்ததாகத் தெரியவில்லை.

ஒருமுறை, அருகருகே இருந்த இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ரயில் தடங்களின் படத்தைப் பார்த்துத் தடம் மாறி, ஏறி இறங்கி, அரைமணி நேரம் பயணம் செய்து மேலே வந்தேன். புறப்பட்ட இடம் தெருக்கோடியில் தெரிந்தது. சுசீந்திரம் கோயில் வாசலிலிருந்து எதிரே இருக்கும் தெப்பக்குளத்துக்கு நாகர்கோவில் வழியாகப் போய்ச் சேர்ந்ததைப் போல. இன்னொருமுறை, இப்போது தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் போய்க்கொண்டிருக்கிறோம் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னதும் என்னையறியாமல் காலைத் தூக்கிக்கொண்டேன். தண்ணீர் மேலே இருக்கிறது, கீழே இல்லை என்று உறைக்க ஒரு ஸ்டேஷன் ஆயிற்று.

இவ்வளவையும் சுமந்துகொண்டு ஊருக்குத் திரும்பி, பள்ளிக்கூட வேலையில் சேர்ந்தேன். வாசகசாலை ஆண்டுவிழாவில் பேசக் கூப்பிட்டார்கள். அறுபது பேர் வந்திருந்தார்கள். முந்தின வருடம் உரத்தைப் பற்றிப் பேசியவருக்கு நூறு பேர்.

லண்டனில் பனி பெய்கிறது என்றேன், நம்பினார்கள். நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது என்றேன், அதையும் நம்பினார்கள். பூமிக்கு அடியில் ரயில் என்றதும் முன்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"பொகை எங்க வழியா போகும்?"

"புகை கிடையாது. கரண்டில் ஓடுகிறது."

"கரண்டு போச்சுன்னா?"

"போகாது."

முதல் சிரிப்பு அங்கேதான் எழுந்தது. எங்கள் ஊருக்குக் கரண்டு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதில் பாதி நாள் வந்ததில்லை.

"நாங்க கெணறு தோண்டுகோம். நாலு மொழத்துல ஊத்து பீச்சுது. லண்டன்ல தரை காஞ்சா கெடக்கு?" என்றார் இன்னொருவர்.

"இல்லை, அங்கே வருடம் முழுக்க மழை" என்றேன். உண்மையைச் சொல்லுகிறவனுக்கு எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிவதில்லை.

"பின்ன ஓடுகது ரயிலா, தண்ணியில போற வள்ளமா?"

கூட்டம் கலைந்தபோது எனக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்திருந்தது. பாதாள வாத்தியார். அதோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்த வருடம்தான் என் தங்கைக்கு வரன் வந்தது.

மாப்பிள்ளை பாசன இலாகாவில் ஓவர்சியர். வாய்க்கால், மடை, அளவு நாடா என்று வெயிலில் அலைந்து கறுத்த, அதிகம் பேசாத ஆள். தகப்பனார் இல்லை. வீட்டில் எல்லாம் பெரியப்பாதான். நல்ல உயரம், வாய் நிறைய வெற்றிலை, ஐம்பது வருடத்தில் ஒருமுறைகூடத் தான் சொன்னது தவறு என்று சொல்லியிராத ஒரு நிம்மதி முகத்தில். ஜாதகம் பொருந்திவிட்டது. எங்கள் வழக்கத்தில் கல்யாணத்தன்று பந்தல் வாசலில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவிவிடுவது பெண்ணின் சகோதரன். ஆகவே பெண்ணைப் பார்த்து முடித்ததும் என்னைப் பார்த்தார்கள்.

"தம்பி, ஊர்ல ஒண்ணு சொல்லுகானுவ. நம்பப்படாதுன்னு இருக்கேன். நீரே சொல்லிரும்" என்றார் பெரியப்பா.

"அவன் வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பான்" என்றார் என் அப்பா அவசரமாக.

"வெளையாட்டு இல்லப்பா. ரயிலு ஓடுது" என்றேன்.

அந்த ரயில் தடப் படம் இருந்தால் விளங்கும் என்று தோன்றியது. அது தங்கையின் டிரங்குப் பெட்டிக்குள், மூடியின் உட்புறம் ஒட்டியிருந்தது. நான் கொண்டுவந்த அந்தப் படத்தை அவள் மனப்பாடம் செய்திருந்தாள். எந்த ஸ்டேஷனில் தடம் மாற வேண்டும் என்று என்னைவிட அவளுக்குத் திருத்தமாகத் தெரியும். அவள் அதைக் கிழியாமல் உரித்து எடுத்துக் கதவருகே நின்று நீட்டினாள். பெரியப்பா மடியில் விரித்துவைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது வாய்க்கால் படம்லா" என்றார். "பச்சை பெருங்கால். செவப்பு கெளைக்கால். இந்த வட்டமெல்லாம் மடை. ஆனா வரஞ்சவனுக்கு வெவரம் போராது. வாய்க்கால் இப்பிடிக் கோலு வச்ச மாதிரி நேராட்டா போகும்?" பிறகு ஓவர்சியரிடம், "ஏலே, நீ பாத்தியா? நீ வரைகது இதைவிடக் கொள்ளாம், நேர்த்தியா இருக்கும்" என்றார்.

ஓவர்சியர் எட்டிப் பார்த்தார். அவர் கண் அந்தக் கோடுகளில் ஓடிய விதத்தில் அவருக்கு விஷயம் தெரியும் என்று எனக்குப் பட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை.

"இந்த நீலம் என்னது?" என்றார் பெரியப்பா.

"அது ஆறு, மாமா."

"ரயிலுக்க கோடு ஆத்தைத் தாண்டிப் போவுதே. பாலம் உண்டுமா?"

"இல்லை. ஆற்றுக்கும் அடியில் போகிறது."

பெரியப்பா படத்தை மடித்து என் கையில் கொடுத்தார். அப்பாவின் பக்கம் சாய்ந்து, நான் கேட்கக்கூடாது என்று நினைத்த குரலில், ஊர் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்: "உங்க குடும்பத்துல முன்ன யாராவது ஊளம்பாறைக்குப் போனதுண்டா?"

ஊளம்பாறை என்றால் திருவனந்தபுரத்தில் மனநோய் ஆசுபத்திரி இருக்கிற இடம். அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று.

"மாமா, பூமிக்கடியில் வழியே இருக்க முடியாது என்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"ஆரு சொன்னா? சொரங்கம்னா நம்ம வட்டக்கோட்டைச் சொரங்கம். அங்கேருந்து பத்மநாபுரம் அரண்மனை வரைக்கும். மகாராஜா குதிரையில போயிருக்காரு."

"நீங்க உள்ளே போயிருக்கேளா?"

"நான் என்னத்துக்குப் போணும்? இருக்கது தெரியும்லா."

"நடுவில் பழையாறு இருக்கிறதே."

"மகாராஜா தோண்டுனா தண்ணி ஒதுங்கிப் போகும்வே."

ஆனால் பெரியப்பா நான் நினைத்ததைவிடப் பெரிய மனிதர். அவரே ஒரு வழி சொன்னார்.

"ஞாயித்துக்கெழம வட்டக்கோட்டைக்குப் போவோம். நீரு உள்ள எறங்கிப் பாத்து, சொரங்கம் உண்டும்னு நாலு பேரு கேக்கச் சொல்லும். எனக்க சொரங்கத்தை நீரு ஒத்துக்கிட்டா உமக்க ரயிலை நான் ஒத்துக்கிடுகேன். வியாழக்கெழம தாம்பூலம் மாத்திருவோம்."

அப்பாவுக்கு உயிர் திரும்பி வந்தது. அவர்கள் போனபின் என்னிடம் வந்து, "ஏலே, ஒத்தை வார்த்தை. உண்டும்னு சொல்லிட்டு மேல வா. ஒனக்க ரயிலும் ஓடும், அவளுக்க கல்யாணமும் நடக்கும்" என்றார். நியாயமாகத்தான் இருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஞாயிறு காலை இரண்டு வில்வண்டிகளில் போனோம். கடலை முட்டிக்கொண்டு நிற்கிற கருங்கல் கோட்டை. உள்ளே ஒரு குளம், புல், மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள். மதிலின் அடியில் பெரியப்பா காட்டிய வாசல் என் இடுப்பு உயரம்கூட இல்லை. மகாராஜா குதிரையில் போனார் என்றால் குதிரைதான் மிகவும் பணிவானதாக இருந்திருக்க வேண்டும். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டார்ச் லைட்டோடு தவழ்ந்தேன். பாதாள ரயிலில் ஒரு வருடம் போய்வந்தவன் முதன்முறையாகப் பாதாளத்தில் நாலுகாலில் போனேன்.

பத்துப் பன்னிரண்டு முழம் போயிருப்பேன். வௌவால் நாற்றம். பிறகு சரிந்த கல்லும் மணலுமாக அடைத்துக் கிடந்தது. அந்த அடைப்புக்கு அப்பால் வழி இருக்கிறதா, இல்லையா? டார்ச்சை அணைத்துவிட்டு, லண்டன் பிளாட்பாரத்தில் நிற்பதைப்போல உட்கார்ந்தேன். காற்றுக்காகக் காத்திருந்தேன். அந்தப் பக்கம் எங்கேயாவது ஒரு வாய் திறந்திருந்தால், கல்லிடுக்கு வழியாக ஒரு நூலளவாவது காற்று வந்தாக வேண்டும். கையை நீட்டிப் பார்த்தேன். நெற்றியில் வேர்த்ததுதான் மிச்சம். உண்மையில் எனக்கு அந்தச் சுரங்கம் இருந்துவிடக்கூடாதா என்று இருந்தது. என் தங்கையின் கல்யாணத்துக்காக மட்டும் இல்லை. நானும் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன்தான்.

வெளியே வந்தேன். முழங்கால் சிராய்ந்து, தலையில் வௌவால் எச்சத்தோடு, நாலு பேர் முன்னால் நின்றேன்.

"என்ன கண்டீரு?" என்றார் பெரியப்பா.

"பன்னிரண்டு முழம் போனேன், மாமா. அப்புறம் அடைஞ்சு கெடக்கு. காத்து இல்லை. அந்தப் பக்கம் வழி இருந்தா காத்து வரும். எனக்குத் தெரிஞ்சவரைக்கும் சொரங்கம் இல்லை."

"அடச்சுப் போட்டிருக்கானுவ. அதுக்க அந்தப் பக்கம் இருக்கு."

"இருக்கலாம். நான் பாக்கல்லை. பாக்காததை உண்டும்னு சொல்ல மாட்டேன்."

"அப்பம் ரயிலு?"

"அதுல நான் ஏறியிருக்கேன்."

பெரியப்பா வெற்றிலையைத் துப்பினார். அப்பாவிடம் கையை விரித்துவிட்டு வண்டியைப் பார்த்து நடந்தார். அப்பா குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓவர்சியர் பின்தங்கி என் அருகே வந்து, மெல்லிய குரலில், "அண்ணாச்சி, படிக்க காலத்துல புஸ்தகத்துல பாத்திருக்கேன். ஆத்துக்க அடியில தோண்டுன படம்" என்றார்.

"அதை அங்கே போய்ச் சொல்லும்" என்று வண்டியைக் காட்டினேன். அவர் வண்டியைப் பார்த்தார். செருப்பில் ஒட்டிய புல்லைப் பார்த்தார். பிறகு போய் ஏறிக்கொண்டார்.

வீட்டில் தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் சுரங்கத்தைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை.

"அவருக்குத் தெரியும்னு சொன்னாரா?"

"என்கிட்டே சொன்னாரு."

"பெரியப்பா கேக்கச் சொன்னாரா?"

"இல்லை."

"அப்பம் விடு அண்ணே. தெரிஞ்ச ரயிலுக்கே வாய் தொறக்காதவரு நாளைக்கு எனக்காகத் தொறக்கவா போறாரு?" என்று சொல்லிவிட்டு, படத்தை எடுத்துச் சோற்றுப்பசை தடவி மறுபடியும் பெட்டி மூடியில் ஒட்டினாள்.

அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சொல்ல வேண்டியதையெல்லாம் தூணைப் பார்த்துச் சொன்னார். "ஒரு பொய் சொல்லத் துப்பில்லாதவனெல்லாம் சீமைக்குப் போய் என்னத்தைப் படிச்சான்" என்று தூணிடம் கேட்டார். தூணின் சார்பில் நான் பேசாமல் இருந்தேன். ஊரில், வரன் தட்டிப்போனதற்குக் காரணம் பாதாளம் என்று பேசிக்கொண்டார்கள். ஒருமுறை, ஒரே ஒருமுறை, பெரியப்பா வீட்டுக்குப் போய் உண்டு என்று சொல்லிவிட்டால் என்ன என்று, போகிற வழியில் இருக்கும் வடசேரி வரைக்கும் நடந்தேன். சந்தையில் ஒரு கட்டு முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் ஓவர்சியர் சைக்கிளில் வந்தார். வீட்டுக்குள் வராமல் முற்றத்து வெயிலில் நின்றார். இரண்டு பக்கத்து வீடுகளிலும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேலதிகாரிக்கு அறிக்கை படிப்பவரைப்போல, இரண்டு தெருவுக்குக் கேட்கிற குரலில் சொன்னார்:

"லண்டன்ல பூமிக்க அடியில ரயிலு ஓடுது. ஆத்துக்க அடியிலயும் ஓடுது. நேத்து பெரியப்பாட்ட சொல்லியாச்சு. வீட்டை விட்டு எறங்குன்னாரு. எறங்கியாச்சு."

அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து தங்கையின் குரல் வந்தது.

"அப்பா, வெயில்ல நிக்காருலா. மோரு கொடுங்கோ."

கல்யாணத்துக்குப் பெரியப்பா வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். ஆனால் அவர் இல்லாமல் அந்தக் குடும்பத்தில் ஒரு பந்தி நடந்துவிட்டால் அது அவருக்கு நாளை ஒரு தோல்வியாகப் பேசப்படும். முகூர்த்தத்துக்குச் சற்று முன் புது வேட்டியோடு வந்து, பந்தல் வாசலில் சரியாக எனக்கு எதிரே நின்றார். நான் செம்புத் தண்ணீரோடு குனிந்து மாப்பிள்ளையின் காலைக் கழுவிக்கொண்டிருந்தேன். மேளம் ஒரு நிமிடம் நின்ற இடைவெளியில் தலைக்கு மேலிருந்து அவர் குரல் கேட்டது.

"இப்பமாவது சொல்லிரும் தம்பி. பொய்தானே?"

மாப்பிள்ளையின் பெருவிரல் என் கைக்குள் லேசாக அசைந்தது. நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் தண்ணீர் சிந்தும், சடங்கு கெடும். இரண்டாவது காலுக்கும் தண்ணீர் விட்டேன்.

"ஓடுது, மாமா" என்றேன்.